மூன்று நுளம்பு, மூன்று தண்ணீர்: ஊராரிடம் ஒரு மன்னிப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வரலாறும் இருக்கிறது, நாங்கள் செய்த பிழையும் இருக்கிறது. பிழையைச் சொல்லாமல் வரலாற்றை மட்டும் சொன்னால் அது வகுப்பறைப் பாடமாகிவிடும். அதனால் பிழையிலிருந்தே தொடங்குகிறோம்.

போன மாரியில் ஊரில் டெங்கு பரவியபோது ஆசிரியர்களாகிய நாங்கள் நிறையக் கதைத்தோம். மஃரிபுக்குப் பிறகு பள்ளி முன்றலில் கதைத்தோம். பாடசாலை ஓய்வறையில் கதைத்தோம். பெற்றோர் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டும் கதைத்தோம். படிப்பிக்கிற ஆட்கள் சொல்கிறார்கள் என்று சனம் கேட்டுக்கொண்டது. அப்படிச் சொன்னவற்றில் நான்கு விசயங்கள் முழுப் பிழை.

ஒன்று, கடற்கரைப் பக்கம் வடிகான் ஓரமாகக் குடியிருக்கும் குடும்பங்களின் அழுக்கால்தான் டெங்கு வருகிறது என்றோம். இரண்டு, புகை அடிக்காமல் விட்டதுதான் காரணம், புகை அடித்தால் எல்லாம் சரி என்றோம். மூன்று, வீடு வீடாக ஏறி இறங்கிய பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேண்டுமென்றே ஆட்களைக் கரைச்சல்படுத்துகிறார் என்றோம். நான்கு, காய்ச்சல் விட்டால் பிள்ளைக்குச் சுகம், பாடசாலைக்கு அனுப்பலாம் என்றோம். இந்த நான்காவது பிழை ஒரு பிள்ளையின் உயிர்வரை போய்த் திரும்பியது. அதைப் பிறகு சொல்கிறோம்.

ஒருநாள் அதே பரிசோதகர் எங்கள் பாடசாலைக்கு வந்தார். முதலில் வடிகானுக்குத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம், எங்கள் கதையை நிரூபிக்க. அவர் ஒரு நீள்பிடி அகப்பையால் கறுப்புத் தண்ணீரை அள்ளி வெள்ளைக் கோப்பையில் ஊற்றிக் காட்டினார். குடம்பிகள் நெளிந்தன. “பார்த்தீர்களா?” என்றோம். “பார்த்தேன். இது கியூலெக்ஸ். இது டெங்கைப் பரப்புவதில்லை” என்றார். பிறகு ஏணி கேட்டார். ஏழாம் ஆண்டு வகுப்பறைக்கு மேலே கூரைப் பீலியில் இலை அடைத்து, மழைத் தண்ணீர் தெளிவாகத் தேங்கிக் கிடந்தது. அதிலிருந்து அள்ளியதையும் கோப்பையில் ஊற்றினார். அதுதான் ஈடிஸ். கீழே இறங்கியவர் ஓய்வறைக்குள் வந்தார். நாங்கள் இருந்து ஊரைத் திருத்திய அந்த மேசைக்குப் பக்கத்து யன்னலில் ஒரு மணிபிளாண்ட் போத்தல் இருந்தது. அதற்குள்ளும் குடம்பி.

பாடசாலைக்குச் சிவப்பு அறிவித்தல் கிடைத்தது. எங்களுக்கு வாய் அடைத்தது.

படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாங்கள் எப்படி இவ்வளவு பிழை விட்டோம்? இதை யோசித்துக்கொண்டு பழைய விசயங்களைத் தேடி வாசித்தோம். அப்போதுதான் ஒன்று விளங்கியது. நாங்கள் சொன்னவை யாவும் ஒரு காலத்தில், வேறொரு நுளம்பைப் பற்றிய உண்மைகள். மூத்தம்மா, மூத்தவாப்பா காலத்து உண்மைகளை இந்த நுளம்பின் மேல் போட்டுவிட்டோம். இந்தத் தீவு மூன்று நுளம்புகளோடு மூன்று போர் நடத்தியிருக்கிறது. மூன்றுக்கும் தண்ணீர் வேறு, நேரம் வேறு, ஆயுதம் வேறு.

முதலாவது, மலேரியா நுளம்பு.

1934ஆம் ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுரு ஓயா போன்றவை ஓட்டம் குறைந்து, மணல் படுக்கையில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியது. வெயில் படுகிற அந்தத் தெளிந்த குட்டைகளில் அனோபிலிஸ் இன நுளம்பு கோடிக்கணக்கில் பெருகியது. வரண்ட பிரதேசத்துச் சனத்துக்கு மலேரியா பழகிய நோய். உடம்பில் கொஞ்சம் எதிர்ப்பும் இருந்தது. ஆனால் அந்த முறை கேகாலை, குருநாகல் பக்கம், மலேரியாவை அவ்வளவாக அறியாத ஈரவலயச் சனத்தின் மேல் நோய் விழுந்தது. 1934 கடைசியிலிருந்து 1935இன் முற்பகுதி வரை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அப்போது முழுத் தீவின் சனத்தொகையே சுமார் 55 இலட்சம்தான். கொயினாவும் உணவும் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போன சூரியமல் இயக்கத்து இளைஞர்கள்தான் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள். ஒரு நுளம்பு நாட்டின் அரசியலையே மாற்றிய கதை அது.

இந்த நுளம்பு இரவில் கடிப்பது. கடித்துவிட்டு வீட்டுச் சுவரில் போய் ஒட்டிக்கொள்வது. ஆகவே சுவருக்கு மருந்தடித்தால் அது சாகும். 1946இலிருந்து டீ.டீ.ரீ. தெளிப்பு நாடு முழுக்க நடந்தது. மருந்துப் பம்பியோடு அரச ஆட்கள் வருவார்கள், சாமான்களை வெளியே எடுத்து வைப்போம், சுவர் முழுக்க வெள்ளையாக அடித்துவிட்டுப் போவார்கள் என்று எங்கள் வாப்பாமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 1963இல் நாடு முழுக்க 17 மலேரியா நோயாளர் மட்டுமே பதிவானார்கள். நோய் போய்விட்டது என்று நினைத்துத் தெளிப்பதைத் தளர்த்தினார்கள். 1969இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர். நுளம்பும் டீ.டீ.ரீ.க்குப் பழகிப்போனது. 1970களில் மலத்தியனுக்கு மாற வேண்டியதாயிற்று. பிறகு யுத்த காலத்திலும் விடாமல் வேலை செய்து, 2012 ஒக்டோபரில் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளியைக் கண்டோம். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

இந்தப் பெரிய வெற்றி எங்கள் மனதில் ஒரு பழக்கத்தையும் விட்டுவிட்டுப் போனது. நுளம்பை ஒழிப்பது அரசாங்கத்தின் வேலை, மருந்தோடு வந்து அடித்துவிட்டுப் போக வேண்டும், நாங்கள் கதவைத் திறந்து விட்டால் போதும் என்ற பழக்கம். “ஏன் இன்னும் புகை அடிக்கவில்லை?” என்று நாங்கள் போட்ட சத்தம் அங்கேயிருந்து வந்தது.

இரண்டாவது, யானைக்கால் நுளம்பு.

நுளம்பின் உடம்புக்குள் யானைக்கால் நோயின் நுண்புழு வளர்வதை பற்றிக் மான்சன் என்ற வைத்தியர் 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் கண்டுபிடித்தார். மலேரியாவுக்கும் நுளம்புக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் றோஸ் செக்கந்தராபாத்தில் காண்பதற்கு இருபது வருசம் முந்தி அது. நுளம்பு ஒரு மனித நோயைக் காவுகிறது என்று உலகம் முதன்முதலில் அறிந்தது இந்த நோயால்தான். இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் யானைக்கால் நெடுங்காலம் இருந்தது. இதைப் பரப்பியது கியூலெக்ஸ். அது அழுக்குத் தண்ணீரின் நுளம்பு. வடிகான், மலசலகூடக் குழி, தென்னை மட்டை ஊறப்போடும் குழி, இவை அதன் வீடு. 1947இல் இதற்கென்றே ஒரு தனி இயக்கம் தொடங்கப்பட்டது. குழிகளை மூடச் சொன்னார்கள், கானைத் துப்புரவாக்கச் சொன்னார்கள், இரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். 2016இல், மலேரியாவுக்குச் சான்றிதழ் கிடைத்த அதே வருசம், யானைக்காலும் இந்த நாட்டில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இல்லாமல் ஆக்கப்பட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டது.

இதுவும் பெரிய வெற்றி. ஆனால் “நுளம்பு என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் ஏழை வீடு” என்ற இரண்டாவது பழக்கத்தை இது விட்டுச் சென்றது. வடிகான் ஓரத்துக் குடும்பங்களை நோக்கி நாங்கள் நீட்டிய விரல் அங்கேயிருந்து வந்தது. கானைத் துப்புரவாக வைத்திருக்கத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் டெங்குக்குக் காரணம் தேடி அங்கே போய் நின்றது, தொலைத்த சாமானை வீட்டில் விட்டுவிட்டு ரோட்டில் தேடிய கதை.

மூன்றாவதுதான் ஈடிஸ்.

இதன் இரண்டு இனங்கள் எங்களிடம் உண்டு. ஒன்று ஈடிஸ் அல்போபிக்டஸ். ஆசியக் காட்டின் பிள்ளை. மரப்பொந்திலும் மூங்கில் கணுவிலும் முட்டையிட்டு வாழ்ந்தது, தோட்டத்துச் சிரட்டைக்கும் டயருக்கும் இடம் மாறியது. மற்றது ஈடிஸ் ஈஜிப்டி. ஆபிரிக்காவிலிருந்து பாய்க்கப்பல் காலத்தில் குடிதண்ணீர்ப் பீப்பாக்களுக்குள் முட்டையாகவும் குடம்பியாகவும் துறைமுகம் துறைமுகமாக ஏறி இறங்கிய நுளம்பு. மனிதன் எங்கே தண்ணீரைச் சேர்த்து வைக்கிறானோ, அங்கே அது குடியிருக்கும். இதற்கு எங்கள் காணி வேண்டாம், குளம் வேண்டாம், வயல் வேண்டாம். வீடுதான் வேண்டும். யோகட் கப்பில் மிஞ்சிய மழைத் தண்ணீர் இதற்குத் தாராளம்.

இந்த நுளம்போடு உலகம் நடத்திய முதல் பெரிய போர் டெங்குக்காக அல்ல, மஞ்சள் காய்ச்சலுக்காக. கியூபாவில் கார்லோஸ் பின்லே என்ற வைத்தியர், மஞ்சள் காய்ச்சலை இந்த வீட்டு நுளம்புதான் பரப்புகிறது என்று 1881இல் சொன்னார். ஏறத்தாழ இருபது வருசம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நோய் அழுக்கிலிருந்தும் நோயாளியின் துணிமணியிலிருந்தும் வருகிறது என்றே பெரிய வைத்தியர்களும் நம்பினார்கள். 1900இல் வோல்டர் றீட் குழு பரிசோதித்துப் பார்த்து, பின்லே சொன்னதே சரி என்று நிறுவியது. அடுத்த வருசம் ஹவானா நகரில் வில்லியம் கோர்கஸ் என்ற இராணுவ வைத்தியர் வீடு வீடாக ஆட்களை அனுப்பினார். தண்ணீர்ப் பாத்திரம் ஒவ்வொன்றையும் பார்த்தார்கள். மூடச் சொன்னார்கள். குடம்பி கண்ட வீட்டுக்குத் தண்டம் விதித்தார்கள். சனம் ஏசியது. ஆனால் தலைமுறைகளாக ஹவானாவைப் பிடித்திருந்த மஞ்சள் காய்ச்சல் சில மாதங்களுக்குள் நின்றது.

பனாமாவில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கும். அங்கே பிரெஞ்சுக்காரர் கால்வாய் வெட்டப் போன காலத்தில் நல்ல ஆஸ்பத்திரி ஒன்று கட்டினார்கள். எறும்பு ஏறாமல் இருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தார்கள். பூச்செடிகளைச் சுற்றியும் தண்ணீர் வட்டம் கட்டினார்கள். துப்புரவும் அழகும் பார்த்துச் செய்த வேலைதான். அந்தக் கிண்ணங்களிலேயே நுளம்பு பெருகி, வேறு வருத்தத்துக்கு வந்து படுத்தவர்களுக்கும் மஞ்சள் காய்ச்சல் தொற்றியது. இதை வாசித்தபோது எங்கள் வீடுகளில் சாப்பாட்டு அலுமாரியின் காலுக்குக் கீழே வைக்கும் தண்ணீர்ச் சிரட்டை கண்ணுக்கு முன்னால் வந்தது. ஓய்வறை மணிபிளாண்ட் போத்தலும் வந்தது.

இலங்கையில் டெங்கு 1962இல் ஆய்வுகூட முறையில் உறுதிப்படுத்தப்பட்டது. அறுபதுகளின் நடுப்பகுதியில் குருதிப்பெருக்கோடு கூடிய டெங்கு சிலருக்கு வந்தது. 1989, 1990 ஆண்டுகளிலிருந்து அது நின்று நிலைத்த கொள்ளைநோயானது. 2006 கடைசியில் இதே நுளம்பு சிக்கன்குன்யாவைக் கொண்டுவந்தது. கிழக்கில் அந்த வருத்தத்தை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். சுஜூது செய்ய முழங்கால் மடியாமல் கதிரையில் இருந்து தொழுத எத்தனை பேரைப் பார்த்தோம். 2009இல் சுமார் 35,000 பேருக்கு டெங்கு, 346 பேர் மரணம். 2017இல் 186,101 பேர், 440 மரணம். அந்த வருச மார்ச்சில் கிண்ணியா பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். பாடசாலைகளை மூட வேண்டி வந்தது. மேற்கில் ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்தது, கொழும்பில் குப்பை அகற்றுவது குழம்பியது, மே மாதம் வெள்ளமும் வந்தது.

அந்த இரண்டு வருசத்து இலக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2009இல் நூறு நோயாளருக்கு ஒருவர் இறந்தார். 2017இல் நோயாளர் ஐந்து மடங்குக்கு மேல் கூடியும், நானூறு பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறப்பு வீதம் குறைந்தது. எங்கள் வைத்தியர்களும் தாதியரும் தாய்லாந்தின் அனுபவத்திலிருந்து கற்று, மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் நீராகாரத்தையும் சேலைனையும் அளந்து கொடுத்ததன் பலன் இது. ஆஸ்பத்திரிக்குள் நடக்க வேண்டியது பெருமளவு நடக்கிறது. வீட்டு முற்றத்தில் நடக்க வேண்டியதுதான் நடக்கவில்லை.

முற்றத்தில் என்ன நடக்கிறது? பெண் நுளம்பு பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை காய்ந்துபோய் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் அதைத் தொட்டதும் பொரிக்கும். குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, ஏழு முதல் பத்து நாட்களில் நுளம்பாகப் பறக்கும். சும்மா தண்ணீரை ஊற்றிவிட்டு வாளியை நிமிர்த்தி வைத்தால் முட்டை அப்படியே இருக்கும். தேங்காய்த் தும்பாலோ தூரிகையாலோ உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறந்த நுளம்பும் பெரும்பாலும் நூறு இருநூறு மீற்றருக்குள்தான் திரியும். எங்களைக் கடிப்பது அநேகமாக எங்கள் வளவில் அல்லது அடுத்த வளவில் பிறந்ததுதான். தூரத்து வடிகானிலிருந்து பறந்து வருவதில்லை.

இப்போது புகையைப் பற்றிப் பார்ப்போம். புகை பறக்கிற நுளம்பை மட்டும் கொல்லும். தண்ணீருக்குள் நெளியும் குடம்பிக்கும், சுவரில் ஒட்டிய முட்டைக்கும் அது ஒன்றும் செய்யாது. ஈடிஸ் இருப்பதோ கட்டிலுக்குக் கீழே, கொழுவியிருக்கும் சாரத்துக்குப் பின்னால். புகை வண்டி வரும்போது நாங்கள் மணம் உள்ளே வராமல் யன்னலைச் சாத்துகிறோம். நுளம்பையும் சேர்த்துக் காப்பாற்றுகிறோம். நோயாளி இருக்கும் இடத்தைச் சுற்றி அவசரத்துக்குப் புகை அடிப்பதில் பயன் உண்டு. அதையே மருந்தென்று நம்பிப் பீலியைப் பார்க்காமல் விட்டால், அடுத்த கிழமையே புது நுளம்பு பறக்கும்.

தண்டம் எழுதிய பரிசோதகர் மேல் நாங்கள் கோபப்பட்டோம். அவர் கையில் இருந்தது நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். அது எங்கள் ஊருக்கென்று எழுதப்பட்டதல்ல. காணியோ கட்டடமோ யாருடையதாக இருந்தாலும், நுளம்பு பெருகும் நிலையில் வைத்திருப்பது குற்றம் என்கிறது. பாடசாலைக்கும் பொருந்தும், வழிபாட்டுத் தலத்துக்கும் பொருந்தும். வெயிலில் எங்கள் ஏணியில் ஏறிய மனிதரை, இனத்தைச் சொல்லியும் ஊரைச் சொல்லியும் நாங்கள் குறைத்துக் கதைத்தது பாவம். செய்தி ஒன்று வந்தால் விசாரித்துத் தெளிந்த பிறகே வாயைத் திறக்கும்படி கற்றுக்கொடுத்த மார்க்கத்தில் பிறந்தவர்கள் நாங்கள். விசாரிக்காமலே வாயைத் திறந்தோம்.

இனி அந்த நான்காவது விசயம்.

ஏழாம் ஆண்டில் படிக்கும் ஒரு பிள்ளை. தவணைப் பரீட்சை நேரம். மூன்று நாள் காய்ச்சல் காய்ந்து, நான்காம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்திருந்தது. உம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று கேட்டார்: “சேர், பிள்ளை சோர்வாக இருக்கிறாள், விடலாமா?” நாங்கள்தான் சொன்னோம், “காய்ச்சல் விட்டாச்சுதானே, பரீட்சையை எழுதட்டும்” என்று.

இரண்டாம் பாடவேளையில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசையில் தலையை வைத்தாள். கை கால் ஐஸ் மாதிரி. எங்களில் வயதில் இளையவரான ஓர் ஆசிரியை பார்த்தவுடன் அள்ளிக்கொண்டு முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இன்னும் இரண்டு மணித்தியாலம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று அங்கே சொன்னார்கள். ஐந்து நாள் சேலைன். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பினாள்.

டெங்கில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும்போதே இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்கலாம். ஓரிரு நாள் அது நீடிக்கும். கடும் வயிற்றுவலி, தொடர்ந்து சத்தி, கை கால் குளிர்தல், சலம் குறைதல், அளவுக்கு மிஞ்சிய சோர்வு அல்லது அந்தரிப்பு, எங்காவது இரத்தக் கசிவு, இவற்றில் ஒன்று கண்டாலும் ஒரு நிமிசமும் பார்க்கக் கூடாது. மூன்றாம் நாள் காய்ச்சலில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கர்ப்பிணிகள் முதல் நாளே வைத்தியரிடம் போக வேண்டும். பரசிற்றமோல் மட்டும் அளவோடு கொடுக்கலாம். அஸ்பிரினும் இபுபுறூபனும் கூடவே கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். பப்பாசி இலைச் சாற்றை நம்பி ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போகவும் கூடாது. ஒருமுறை டெங்கு வந்தவருக்கு இனி வராது என்ற எண்ணமும் பிழை. வைரசில் நான்கு வகை உண்டு. இரண்டாம் முறை வேறு வகை தொற்றினால் இன்னும் கடுமையாகலாம்.

அந்தப் பிள்ளையின் வீடு எங்கே தெரியுமா? நாங்கள் விரல் நீட்டிய அதே வடிகான் ஓரத்தில். பரிசோதகர் அந்த வீட்டையும் பார்த்திருந்தார். குழாய்த் தண்ணீர் ஒருநாள் வந்தால் ஒருநாள் வராத இடம். பரல்களில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பரலும் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. கவிழ்க்க வேண்டிய சட்டி பானையெல்லாம் கவிழ்ந்திருந்தது. கிணற்றில் கப்பி மீன் விட்டிருந்தார்கள். அந்த வீட்டில் ஒரு குடம்பிகூடக் காணவில்லை.

எந்த நுளம்பு எங்கே வைத்துக் கடித்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் இது பகலில் கடிக்கும் நுளம்பு. காலையிலும் பின்னேரத்திலும் கூடுதலாகக் கடிக்கும். விடிந்து ஏழரை மணியிலிருந்து அந்தப் பிள்ளை இருந்தது எங்கள் வகுப்பறையில். குடம்பி நெளிந்த பீலி அந்த வகுப்பறைக்கு மேலே.

இரண்டு கிழமைக்கு முன்பு நாங்கள் நான்கு பேர் அந்த வீட்டுக்குப் போனோம். பெற்றோர் கூட்டத்தில் ஊர் கேட்க அவர்களைப் பற்றிச் சொன்னதைப் பிழை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். பிள்ளையை உள்ளே எடுக்கச் சொன்னதற்கும் கேட்டோம். அந்த உம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிளேன்ரீ ஊற்றித் தந்தார். பிறகு கேட்டார்: “அது போகட்டும் சேர். அந்தப் பீலியை இப்ப யார் பார்க்கிற?”

எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனவர்களுக்கு அந்தக் கேள்வி போதும். மலேரியாவில் 1963க்குப் பிறகு இந்த நாடு கண்ட பாடமும் அதே கேள்விதான். மழை விட்டது, நோய் குறைந்தது, இனி யார் பார்க்கிற?

இப்போது பதில் இருக்கிறது. பாடசாலையில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் கடைசிப் பாடவேளையில் இருபது நிமிசம், ஆசிரியர் ஒருவரும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலரும் பீலி, தண்ணீர்த் தாங்கி, பூச்சாடி, சிற்றுண்டிச்சாலைப் பின்பக்கம் எல்லாம் பார்க்கிறோம். ஏணியில் ஏறுவது ஆசிரியர்கள் மட்டும். பார்த்தவரின் பெயரும் கண்டதும் ஒரு கொப்பியில் எழுதப்படுகிறது. ஏழு நாளுக்கு ஒருமுறை என்பதற்குக் காரணம் உண்டு. அதற்குள் தண்ணீரைக் கொட்டித் தேய்த்தால் குடம்பி நுளம்பாகாது. ஓய்வறையில் இனி மணிபிளாண்ட் மண்ணில்தான். பள்ளிவாசல் நிர்வாகத்தோடும் கதைத்து, வுழூ எடுக்கும் ஹவ்ழில் மீன் விட்டாயிற்று, கூரைத் தாங்கிகளுக்கு மூடி போட்டாயிற்று. மையவாடியில் கிடந்த உடைந்த சாடிகளையும் போத்தல்களையும் இளைஞர்கள் அப்புறப்படுத்தினார்கள்.

உங்களிடம் கேட்பது பெரிதல்ல. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் குளிக்கப் போகுமுன் வளவை ஒருமுறை சுற்றுங்கள். சிரட்டை, டயர், வாளி, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பாவிக்காத குளியலறை, கட்டி முடியாத வீட்டின் கொங்கிறீற் தட்டு, கரையில் ஏற்றிவிட்ட பழைய தோணி. வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீட்டுத் திறப்பு உங்களிடம் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். கிணற்றுக்கு வலை போடுங்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிணற்றிலும் தாங்கியிலும் பெருகி மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற இந்திய நகரத்து நுளம்பு 2017ஆம் ஆண்டளவில் மன்னாரில் கண்டறியப்பட்டது. ஒழித்த நோய் திரும்பி வந்தாலும் இம்முறை வீட்டுத் தண்ணீர் வழியாகத்தான் வரும்போல் இருக்கிறது.

கடைசியாக, பெயர் சொல்லாமல் ஆனால் அவரவர்க்கு விளங்கும்படி கேட்கிறோம். வடிகான் ஓரத்துக் குடும்பங்களே, எங்களை மன்னியுங்கள். ஏணியில் ஏறிய பரிசோதகரே, மன்னியுங்கள். எங்கள் சொல்லை நம்பிய பெற்றோர்களே, மன்னியுங்கள். எங்களிடமிருந்து கேட்ட பிழையான கதையை வேறு யாரிடமும் சொல்லியிருந்தால், தயவுசெய்து அவரிடம் போய் இந்தத் திருத்தத்தையும் சொல்லுங்கள்.

இந்தக் கிழமைக் கொப்பியில் எழுதியிருப்பது: பீலி, துப்புரவு. தாங்கி, மூடி சரி. சிற்றுண்டிச்சாலைப் பின்பக்கம், ஐஸ்கிரீம் கோப்பை இரண்டு, குடம்பி இருந்தது, கொட்டித் தேய்க்கப்பட்டது.

அடுத்த வியாழனும் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.